திருத்திப் பணிகொண்ட உடையவர்

திருவரங்கம் பெரிய கோயிலுக்கு எழுந்தருளும் அடியார்கள் அரங்கநாதனை ஸேவித்த கையோடு உடையவர் ஸந்நிதிக்கும் சென்று, பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் கமழும் அத்திருமேனியின் முன் கைகூப்பி நிற்பது வழக்கம். அங்கு நிற்கும்போது, ஸ்ரீபாஷ்யம் அருளிய ஆசாரியர் இவர் என்ற நினைவு பலருக்கு வரும். ஆனால் அதே திருமேனியர், பல நூறு பேர் பணிபுரிந்த ஒரு பெருங்கோயிலின் ஸ்ரீகார்யத்தை நெடுங்காலம் ஏற்று நடத்தியவர் என்பதும், யார் எப்போது வரவேண்டும், எந்தப் பணி யாருடையது, எந்தப் பொருள் எந்தக் கொட்டாரத்தில் இருக்க வேண்டும் என்றெல்லாம் வகுத்தவர் என்பதும் நம்மில் சிலருக்கே நினைவிருக்கும். போதிப்பவர் வேறு, மேற்பார்வை செய்பவர் வேறு என்று உலகம் பிரித்துவைத்திருக்கிறது. கற்பிக்கும் பெரியோர் கணக்குப் பார்க்கமாட்டார். கணக்குப் பார்க்கும் அதிகாரிக்குக் கற்பிக்கப் பொறுமையிராது. இவ்விரண்டும் ஒருவரிடத்தில் பொருந்தி நின்ற வரலாற்றை, குருபரம்பரை நூல்களும் கோயிலொழுகும் கூறும் வழியே இங்குச் சிறிது சிந்திப்போம்.

கி.பி. 1017, பிங்கள ஆண்டு, சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்பூதூரில் ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராக அவதரித்தவர் இளையாழ்வார். தாய்மாமனான பெரிய திருமலை நம்பி இட்ட திருநாமம் அது. காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் கற்கப் புகுந்ததும், பொருள் கூறுவதில் ஆசிரியரோடு மாறுபட்டதும், காசி யாத்திரையின்போது விந்தியக் காட்டில் அவருயிருக்கு வந்த ஆபத்தைச் சிறிய தாயாரின் குமாரர் கோவிந்தர் முன்கூட்டியே உணர்த்தித் தப்புவித்ததும் அனைவரும் அறிந்தவை. பிற்காலத்தில் ஒரு மடத்தையும் ஒரு கோயிலையும் நடத்தப்போகிறவர், தம்மைவிடக் கூர்மையான மாணவனைப் பொறுக்கமாட்டாத ஆசிரியர் என்ன செய்யத் துணிவார் என்பதை இளமையிலேயே கண்டுவிட்டார். அந்தக் கசப்பு வீண்போகவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆளவந்தாரை உயிருடன் ஸேவிக்கும் பேறு இவருக்கு வாய்க்கவில்லை. மதுராந்தகத்தில் பெரிய நம்பியிடம் பஞ்சஸம்ஸ்காரம் பெற்று, இல்லறம் துறந்து, காஞ்சியில் துறவறம் பூண்டபின், திருவரங்கப்பெருமாள் அரையர் சென்று பேரருளாளனிடம் யாசித்து இவரைத் திருவரங்கத்துக்கு அழைத்து வந்தார். கோயிலில் அடியிட்டதும் இவருக்குக் கிடைத்தது உடையவர் என்னும் திருநாமமும், ஸ்ரீகார்யப் பொறுப்பும்.

பொறுப்பு கிடைத்துவிட்டதே என்று அவர் கற்பதை நிறுத்தவில்லை. இது சிறிது நின்று கவனிக்கத்தக்கது. கோயிலில் எல்லோரும் இவர் நியமனத்தை எதிர்நோக்கி நிற்கும் காலத்திலேயே, இவர் ஐந்து ஆசாரியர்களின் வாசலில் மாணாக்கராய் நின்றார். திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார். அரையரிடம் அர்த்தம் கேட்பதற்காக ஆறு மாத காலம் அவருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தும், மஞ்சள் காப்பு அரைத்துக் கொடுத்தும் தொண்டு செய்தார். ஒரு நாள் மஞ்சள் காப்பு பதமாக அமையவில்லை என்பதை அரையரின் திருமுகத்திலிருந்தே உணர்ந்து, உடனே வேறொன்று சேர்த்துக்கொணர்ந்து ஸமர்ப்பித்தார் என்பர். திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிப் பொருள் கேட்கையில் பல பாசுரங்களுக்கு வேறு பொருளும் தோன்றுமே என்று இவர் விண்ணப்பிக்க, ஆண்டான் மனம் வருந்திப் பாடத்தையே நிறுத்திவிட்டார். மீண்டும் ஒரு யாதவப்பிரகாசர் கதையாகிவிடுமோ என்று அஞ்சவேண்டிய இடம் அது. திருக்கோட்டியூர் நம்பி நடுவில் நின்று, இம்மாணாக்கரின் தகுதியை ஆண்டானுக்கு உணர்த்திப் பாடத்தைத் தொடரச் செய்தார். இவர் கூறிய பொருள்கள் ஆளவந்தாரின் திருவுள்ளக் கருத்தாகவே இருக்கக் கண்டு ஆண்டானும் மகிழ்ந்தார்.

இனிக் கோயிற் காரியத்துக்கு வருவோம். அந்நாளில் பெரிய கோயிலின் திறவுகோல் பெரியகோயில் நம்பி என்பவரிடம் இருந்தது. பரம்பரையாக வந்த உரிமை. பொருளும் செல்வாக்கும் உடையவர். புதிதாக வந்த ஒரு துறவி கொட்டாரங்களைப் பார்வையிடுவதும், தளிகையின் அளவைச் சோதிப்பதும், அதிகாலையில் கைங்கரியபரர் வந்தனரா என்று விசாரிப்பதும் அவர் தரப்பினருக்கு எவ்வாறு இனிக்கும்? அவரை அப்புறப்படுத்திவிட்டால் காரியம் எளிதாக முடியும் என்று உடையவர் எண்ணியதாகவும், நெடுநாள் தமக்குத் தொண்டு செய்தவரை அகற்ற வேண்டா என்று நம்பெருமாள் கனவில் குறிப்பருளியதாகவும் பெரியோர் கூறுவர். விலக்கும் எண்ணத்தைக் கைவிட்ட உடையவர், அவரைத் திருத்தும் பொறுப்பைக் கூரத்தாழ்வானிடம் ஒப்புவித்தார்.

கூரத்தாழ்வான் யார்? காஞ்சிக்கு அருகில் கூரத்தில் பெருஞ்செல்வராக வாழ்ந்து, அனைத்தையும் விட்டுத் திருவரங்கம் வந்து பிட்சை எடுத்து உண்டவர். செல்வம் படைத்தவரோடு பேசச் செல்வத்தைத் துறந்தவரை அனுப்பினார் உடையவர். ஆழ்வான் அவசரப்படவில்லை. நம்பியின் திருமாளிகைக்குச் சென்று பழகினார். நம்பியின் தாயார் பரமபதித்தபோது, பதினொன்றாம் நாள் ஏகாஹத்துக்கு அமரத் தகுதியானவரைத் தேடி அலைந்தனர். அந்நாள் வழக்கில் எவரும் ஒப்புக்கொள்ளத் தயங்கும் இடம் அது. ஆழ்வான் மனமுவந்து அமர்ந்தார். அமுது செய்வித்தபின் திருப்தியா என்று கர்த்தா வினவ, திருப்தி என்று அமர்ந்தவர் சொன்னாலன்றி அக்கிரியை நிறைவேறாது. எதை அளித்தால் திருப்தி உண்டாகும் என்று நம்பி நெகிழ்ந்து கேட்க, ஆழ்வான் கோயில் நிர்வாகத்தையும் திறவுகோலையும் வேண்டினார். நம்பி தயங்காமல் அளித்தார்.

இதைச் சாமர்த்தியம் என்று மட்டும் கொள்வாரும் உண்டு. அடுத்து நடந்ததை நோக்கினால் அவ்வாறு தோன்றாது. உரிமையை இழந்த நம்பி வெறுங்கையராய் நிற்க உடையவர் விடவில்லை. அவரைத் தம் திருவடியில் சேர்த்துக்கொண்டு, ஆழ்வானுக்கே சீடராக்கினார். அரையர்களிடமிருந்த இயற்பா விண்ணப்பம் செய்யும் பேற்றை அரையரிடம் கேட்டுப் பெற்று நம்பிக்கு அளித்தார் என்று கோயில் வரலாறு கூறும். திறவுகோலைக் கொடுத்த அந்த நம்பியே, திருவரங்கத்து அமுதனார் என்னும் பெயரால் இராமாநுச நூற்றந்தாதியைப் பாடிய புலவர். 108 பாசுரங்கள் கொண்ட அந்நூல் இன்றும் திவ்யதேசங்களில் நாள்தோறும் அநுஸந்திக்கப்படுகிறது. ஓர் அதிகாரியை விலக்கியிருந்தால் கோயிலுக்கு ஒரு பகைவர் கிடைத்திருப்பார்.

திறவுகோல் கைக்கு வந்தபின் உடையவர் செய்த சீர்திருத்தம் பெரிது. அதுவரை ஐந்து கொத்தாக இருந்த கோயிற் பரிவாரத்தைப் பத்துக் கொத்தாக விரித்தார் என்கிறது கோயிலொழுகு. அர்ச்சகத்துக்குப் பாகவத நம்பிமார், திருமஞ்சன நீருக்குத் திருக்கரகக் கையார், பாசுரம் ஓத விண்ணப்பம் செய்வார், வாயில் காவலுக்கு ஆரியபட்டாள், பூமாலைக்குத் தாசநம்பி என இவ்வாறு ஒவ்வொரு கொத்துக்கும் உரிய பணி, உரிய நேரம், உரிய மரியாதை வகுக்கப்பட்டன. நான்காம் வருணத்தாருக்கும் அதில் இடம் இருந்தது. தம் பணி எது என்று தெளிவாக அறிந்தவனுக்கு அடுத்தவனோடு சச்சரவு குறையும் என்பது இன்றைய அலுவலகங்களில் பணிபுரியும் அன்பர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. இவற்றையெல்லாம் அன்றாடம் நின்று நடத்தும் பொறுப்பைத் தம் மருமகனாரான முதலியாண்டானிடம் உடையவர் அளித்தார்.

அந்த முதலியாண்டானை அவர் உருவாக்கிய வரலாற்றைச் சிறிது விரிவாகவே கூறவேண்டும். ஆண்டான் கல்வியில் சிறந்தவர், உயர்குடியினர், ஆசாரியருக்கு நெருங்கிய உறவினர். சரமச்லோகத்தின் பொருளைத் தமக்கு அருள வேண்டும் என்று அவர் கேட்டபோது, உடையவர் திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பினார். ஆறு மாதம் காத்திருந்தபின், கல்விச் செருக்கு, செல்வச் செருக்கு, குலச் செருக்கு மூன்றும் நீங்கியபின் தம் ஆசாரியரிடமே கேட்டுக்கொள்ளும்படி சொல்லி நம்பி திருப்பி அனுப்பிவிட்டார். அச்சமயத்தில் பெரிய நம்பியின் திருமகள் அத்துழாய் உடையவரிடம் வந்தாள். விடியற்காலையில் நீராடத் துணையின்றிச் செல்ல அஞ்சுவதாகக் கூறியதற்கு, சீதன வெள்ளாட்டி ஒருத்தியை அழைத்துவரலாமே என்று மாமியார் இடித்துரைத்ததைச் சொல்லிக் கண்கலங்கினாள். உடையவர் அருகில் நின்ற ஆண்டானைக் காட்டி, இவரையே சீதனமாக அழைத்துச்செல் என்றருளினார்.

மகாபண்டிதர் ஒருவர் மாற்றார் வீட்டில் தண்ணீர் சுமந்தார், விறகு தள்ளினார், சமைத்தார். முகம் கோணவில்லை. பின்னொரு நாள் அவ்வூரில் ஒரு வைணவர் சாஸ்திர வாக்கியத்துக்குத் தவறான பொருள் கூறக்கேட்டு, சமையற்காரராக இருந்த ஆண்டான் பொறுக்கமாட்டாமல் கண்ணீர் விட்டுச் சரியான பொருளை எடுத்துரைக்கவே, அவர் யாரென்று வெளிப்பட்டது. வீட்டார் பதறிப்போய் உடையவரிடம் வந்து வேண்டினர். ஆண்டான் திரும்பி வந்ததும், அவர் கேட்ட பொருளை உடையவர் அவருக்கு அருளினார். இது கடுமையான முறையல்லவா என்று கேட்கத் தோன்றும். கடுமைதான். ஆனால் பத்துக் கொத்துப் பரிவாரத்தையும் ஏவப்போகிற கை, ஏவப்படுவது எப்படியிருக்கும் என்பதை ஒருமுறையாவது அறியவேண்டும் என்று உடையவர் திருவுள்ளம் பற்றினார் போலும்.

எல்லோரிடத்திலும் அவர் ஒரே வழியைக் கையாளவில்லை. உறங்காவில்லி தாசர் உறையூரைச் சேர்ந்த மல்லர். மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் ஈடுபட்டு, வெயில் படாமல் அவளுக்குக் குடை பிடித்து வீதியில் நடந்தவர். அவரை உடையவர் கண்டித்துரைக்கவில்லை. அதனினும் அழகிய கண்களைக் காட்டுவதாகச் சொல்லி அரங்கன் முன் நிறுத்தினார். அவ்வளவே. மல்லர் அடியாராகி, கோயிற் காரியங்களில் நம்பிக்கைக்குரியவரானார். காவேரியில் நீராடி மீள்கையில் உடையவர் அவர் கையைப் பற்றிக்கொண்டு எழுந்தருள்வதைக் கண்டு, குலத்தால் உயர்ந்த சீடர்கள் முணுமுணுத்தனர். இவர்களுக்கு உபதேசம் பயன்படாது என்று கண்ட உடையவர் ஓர் ஏற்பாடு செய்தார். இரவில் சீடர்களின் உலர்ந்துகொண்டிருந்த ஆடைகளில் சிறிது கிழித்துவைக்கச் செய்தார். காலையில் அவர்கள் ஒருவரையொருவர் வாயில் வந்தபடி ஏசிக்கொண்டனர். பின்னர் அவர்களையே அழைத்து, உறங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் களவாடி வருமாறு அனுப்பினார். ஒரு பக்கத்து நகைகளை அவர்கள் கழற்றியதை உணர்ந்த அந்த அம்மையார், மறுபக்கத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று உறக்கத்தில் புரள்வதுபோல் புரண்டு படுத்தார். அவர்கள் அஞ்சி ஓடினர். நீ புரண்டதால் அல்லவோ அவர்கள் போய்விட்டனர் என்று தாசர் மனைவியைக் கடிந்துகொண்டதையும் அச்சீடர்கள் மறைந்து நின்று கேட்டனர். ஒரு துண்டுத் துணிக்குத் தாங்கள் செய்த ஆரவாரத்தை அதன்பின் எவரும் அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

கட்டளையிடாமல் கேட்டு நின்ற இடமும் உண்டு. திருமலையில் புஷ்ப கைங்கரியம் செய்ய ஒருவர் வேண்டும். அந்நாளில் திருமலை கடுங்குளிரும் காட்டு விலங்குகளும் நிறைந்த இடம். கோஷ்டியில் உடையவர் வினவியபோது அனைவரும் தலைகவிழ்ந்திருக்க, அனந்தாழ்வான் ஒருவரே எழுந்தார். அனந்தாண்பிள்ளை என்ற பெயர் அன்றிலிருந்து அவருக்கு வழங்கியது. அவர் அங்கு நந்தவனம் அமைத்து, தாமும் மனைவியுமாக மண் சுமந்து ஏரி வெட்டினார். உடையவர் பின்னர்த் திருமலைக்கு எழுந்தருளி அந்நந்தவனத்தைக் கண்ணுற்று உகந்தார். தாம் பணித்ததை நேரில் சென்று கண்டு பாராட்டும் வழக்கம் அவருக்கு இருந்தது.

சிறந்த நிர்வாகிக்கும் பகை உண்டு. சீர்திருத்தத்தால் நஷ்டமடைந்த சிலர், பிட்சையில் நஞ்சு கலந்து இட ஏற்பாடு செய்தனர். இட்ட அம்மையார் கண்ணீருடன் திருவடியில் விழுந்த குறிப்பால் உடையவர் உண்மையை உணர்ந்து, அமுது செய்வதையே நிறுத்திவிட்டார். செய்தி கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பி திருவரங்கம் வந்தார். காவேரியின் சுடுமணலில் உடையவர் தண்டனிட்டுக் கிடக்க, எழுந்திரு என்று நம்பி சொல்லவில்லை. ஆசாரியர்கள் நடுவே நாம் புகலாமா என்று சீடர்கள் அனைவரும் திகைத்து நின்றனர். கிடாம்பி ஆச்சான் ஒருவரே பொறுக்கமாட்டாமல், இது என்ன முறை என்று நம்பியையும் கடிந்தவராய் உடையவரை வாரி எடுத்தார். இத்தகையவர் யார் என்று அறியவே தாம் அவ்வாறு செய்ததாக நம்பி வெளியிட்டு, அன்று முதல் உடையவருக்குத் தளிகை செய்யும் பொறுப்பை ஆச்சானிடம் ஒப்புவித்தார். முறை தவறாமல் நின்றவர்களை விட்டு, முறையை மீறியவரிடம் மடைப்பள்ளி சென்றது!

ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்த காலத்தில் நடந்த ஒன்று இவை எல்லாவற்றிலும் என் நெஞ்சில் நிற்பது. போதாயன விருத்தியைத் தேடிக் காஷ்மீரம் சென்று, ஆழ்வானின் நினைவாற்றலால் அதன் கருத்தைப் பெற்று வந்தபின், உடையவர் சொல்ல ஆழ்வான் எழுதுவதாக ஏற்பாடு. தமக்கு உடன்பாடானவரை எழுதிக்கொண்டே வரலாம், உடன்பாடில்லாத இடத்தில் எழுதுகோலை நிறுத்திவிட வேண்டும் என்பது உடையவரே இட்ட நிபந்தனை. ஜீவாத்மாவின் இயல்பைச் சொல்லும் இடத்தில், அறிவுடைமையை மட்டும் சொல்லி, ஈச்வரனுக்கு அடிமையாயிருக்கும் தன்மையைச் சொல்லாமல் உடையவர் மேலே செல்ல, ஆழ்வான் நிறுத்திவிட்டார். தொடருமாறு பணித்தும் அசையவில்லை. உடையவருக்குச் சினம் மூண்டது. பாஷ்யம் நீரே செய்யலாமே என்று கடிந்து, ஆழ்வானைத் திருவடியால் தள்ளிவிட்டு எழுந்துபோனார் என்பர். ஆழ்வான் விழுந்த இடத்திலேயே கிடந்தார். அடிமையை உடையவன் என்ன செய்தாலும் தகும் என்பதே அவர் நினைவு. ஏகாந்தத்தில் ஆலோசித்துப் பார்த்த உடையவர், பிழை தம்முடையது என்று தெளிந்து, வந்து ஆழ்வானை எடுத்து அணைத்துக்கொண்டு, திருத்திய பொருளைச் சொல்லி எழுதுவித்தார்.

யாதவப்பிரகாசர் இளையாழ்வாரிடம் செய்ததும், உடையவர் ஆழ்வானிடம் செய்ததும் தொடக்கத்தில் ஒன்றேபோல் தோன்றும். சினம் இருவருக்கும் வந்தது. திரும்பி வந்து அணைத்துக்கொள்வது ஒருவருக்கே இயன்றது.

எல்லா இடத்திலும் அவர் எண்ணம் ஈடேறியது என்றும் கூறுவதற்கில்லை. திருவரங்கத்தில் நிலைபெற்ற பாஞ்சராத்திர முறையைப் பூரி ஜகந்நாதத்திலும் நிலைநாட்ட முயன்றார். அங்குள்ள நம்பிமார் இசையவில்லை. எம்பெருமானே அவர்கள் பக்கம் நின்று, ஒரே இரவில் இவரை ஸ்ரீகூர்மத்தில் கொண்டுசேர்த்தான் என்று குருபரம்பரை கூறுகிறது. திருவனந்தபுரத்திலும் அவ்வாறே நிகழ்ந்து திருக்குறுங்குடியில் விழித்தெழுந்தார் என்பர். தம் ஆசாரியரின் தோல்விகளை மறைக்காமல் எழுதிவைத்த நம் முன்னோர்களை எவ்வளவு போற்றினாலும் தகும்.

பின்னர் வந்தது பெருஞ்சோதனை. சோழ அரசனிடமிருந்து ஆபத்து நேர்ந்தது. அவன் எந்தச் சோழன் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. உடையவரின் காஷாயத்தைத் தாம் உடுத்துக்கொண்டு ஆழ்வான் அரசவைக்குச் சென்று கண்களை இழந்தார். உடன் சென்ற முதியவரான பெரிய நம்பி வழியிலேயே பரமபதித்தார். வெள்ளை உடுத்து மேல்நாடு சென்ற உடையவர், ஹொய்ஸள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் ஆதரவோடு திருநாராயணபுரத்தில் கோயிலைச் சீரமைத்தார். திருக்குலத்தார் என்று தாம் பெயரிட்ட மக்களுக்கு ஆண்டில் மூன்று நாள் கோயிலுள் புகும் உரிமையை அளித்ததும் அங்கேதான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திருவரங்கம் மீளப் புறப்பட்டபோது, அங்குள்ள அடியார்கள் பிரிவாற்றாமல் தவித்தனர். கோயிற் காரியத்தை ஐம்பத்திருவரிடம் ஒப்படைத்து, தமருகந்த திருமேனியாகத் தம் விக்ரஹத்தையும் அங்கு எழுந்தருளச் செய்து விடைகொண்டார்.

முதிர்ந்த வயதில் அவர் தமக்கென ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. திருவாய்மொழிக்கு உரை வேண்டும் என்று அன்பர்கள் வேண்டியபோது தாம் எழுதாமல், பெரிய திருமலை நம்பியின் குமாரர் திருக்குருகைப்பிரான் பிள்ளானைக்கொண்டு ஆறாயிரப்படி எழுதுவித்தார். எழுபத்துநான்கு சிம்மாசனாதிபதிகளை நியமித்தார். ஆழ்வான் தமக்கு முன்னே பரமபதம் சென்ற துயரையும் தாங்கிக்கொண்டு, அவர் குமாரர் பராசர பட்டரை அடுத்த தலைமுறைக்குரியவராக வளர்த்தார்.

கி.பி. 1137. நூற்றிருபது திருநட்சத்திரம் நிறைந்து, அவதரித்த அதே பிங்கள ஆண்டு இரண்டாம் முறை திரும்பி வந்திருந்தது. சீடர்கள் எவரும் தம் பிரிவால் உயிர்விடலாகாது என்று ஆணையிட்டார். அவரவருக்குரிய பணியை ஒருமுறை நினைவூட்டினார். எம்பெருமானைவிட ஆசாரியரே தஞ்சம் என்று வாழ்ந்த வடுகநம்பி அவ்விடத்தில் இருந்தார். நம்பெருமாள் வீதியில் எழுந்தருளுகையில் ஸேவிக்க வருமாறு உடையவர் அழைத்தபோதும், உடையவருக்காகக் காய்ச்சும் பால் பொங்கிவிடுமே என்று அடுப்படியை விட்டு அசையாதவர் அவர். விந்தியக் காட்டில் அன்று உயிர்காத்த கோவிந்தரும், இப்போது எம்பார் என்னும் துறவியாய், அருகில் இருந்தார். எம்பாரின் மடியில் திருமுடியையும், வடுகநம்பியின் மடியில் திருவடிகளையும் வைத்துக்கொண்டு, ஆளவந்தாரையும் பெரிய நம்பியையும் தியானித்தவாறு உடையவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.